பேசியபடி

கோப்பைத் திறந்ததும் பெனாசிரின் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல். குறிப்பின் அடியில், வலது ஓரத்தில், பச்சை எழுத்தில்: "பேசவும்." அதற்குக் கீழே 'மங்கை' என்று கடைசி எழுத்தில் கொக்கி போட்ட கையெழுத்து.

மங்கையர்க்கரசி மேடம் செத்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது. தகனத்துக்குப் பெனாசிரும் போயிருந்தாள். ஆனால் செத்தவர் கோப்பில் எழுதுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தச் செயலகத்தில் அது தினப்படி நடக்கிற காரியம். அவளைத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சொல்தான்.

பழைய ஊருக்குள் கடல் புகுந்துவிட, தலைநகரைத் திருச்சிப் பக்கம் மாற்றிய பிறகு கட்டிய செயலகம் அது. கட்டடம்தான் புதிது, வழக்கமெல்லாம் பழையது. அங்கே வந்து சேர்ந்த ஒரே புதுமை மூத்தோர் ஆலோசகம். மறைந்துபோன செயலாளர்கள் தங்கள் காலத்தில் கோப்புகளில் எழுதிய குறிப்புகள் அத்தனையையும் ஒரு இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அது அவர்களைப் போலவே யோசித்து, அவர்கள் நடையிலேயே எழுதக் கற்றுக்கொண்டது. துறைக்கு ஒரு குரல். அமைச்சருக்குப் போகிற எந்தக் கோப்பும் முதலில் அந்தக் குரலிடம் கருத்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சட்டமன்றத்தில் சட்டமே போட்டுவிட்டார்கள்.

அமைச்சர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். உயிரோடிருக்கிற செயலாளருக்குப் பதவி உயர்வு ஆசை இருக்கும், பத்திரிகையில் ஒரு நண்பன் இருப்பான், மனஸ்தாபம் வந்தால் நீண்ட விடுப்பில் போய்விடுவார். செத்தவரிடம் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கேட்டால் கருத்துச் சொல்வார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார். இயந்திரம் இருந்த மூன்றாவது மாடி அறைக்கு ஊழியர்கள் 'பித்ரு லோகம்' என்று பெயர் வைத்தார்கள். அவசரக் கோப்பு போகும்போது, "எள்ளும் தண்ணியும் எறச்சுட்டு அனுப்புங்கப்பா" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். நீர்வளத் துறைக்கு வாய்த்த பித்ரு மங்கையர்க்கரசி மேடம். அந்தத் துறையில் அத்தனை வருஷம் குப்பை கொட்டி, அத்தனை குறிப்பு எழுதியவர் வேறு யாரும் இல்லை.

துணைச் செயலாளர் பெனாசிர் அனுப்பிய கோப்பு பெரியாண்டி ஏரியைப் பற்றியது. கரை உள்ளுக்குள் கசிகிறது, அடுத்த பெருமழையைத் தாங்காது என்று பொறியாளர்கள் எழுதியிருந்தார்கள். கரையடியில் மூன்று ஊர்கள். ஐப்பசிக்கு முன்னால் அந்த மக்களைக் கல்மேடு என்கிற அரசுப் புறம்போக்குக்கு மாற்ற வேண்டும் என்பது பெனாசிரின் குறிப்பு. அந்தக் கல்மேட்டை ஒரு தொழிற்பூங்காவுக்குத் தருவதாக அமைச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். இது குறிப்பில் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் முறை கோப்பு மேலே போனபோது மேடத்தின் குரல் அழகாக எழுதி அனுப்பியது: "தற்போதைய நிலையே தொடரலாம். மழைக்குப் பின் பரிசீலிக்கலாம்." பெனாசிர் விடாமல் புதிய அளவீடுகளைச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் இந்தப் 'பேசவும்.'

வெளியாட்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியாது. செயலகத்தில் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மட்டுமே எழுதுகிற சொல் இது. உன் குறிப்பில் எனக்கொரு சிக்கல் இருக்கிறது, அதை எழுத்தில் சொல்ல விருப்பமில்லை, நேரில் வா என்று அர்த்தம். கீழிருப்பவர் போவார். கதவு சாத்தப்படும். உள்ளே பேசியது எந்தத் தாளிலும் ஏறாது. மறுநாள் 'பேசியபடி' என்று தொடங்கி ஒரு புதுக் குறிப்பு வரும், பெரும்பாலும் பழைய குறிப்புக்கு நேர் எதிராக. யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுக் கோப்பை வாங்கிப் படிக்கலாம் என்று ஆன பிறகு இந்தச் சொல்லுக்கு மவுசு கூடிவிட்டது. யோசனை சொல்வதெல்லாம் வாயால், சம்மதிப்பது மட்டும் எழுத்தால் என்று ஆயிற்று.

பெனாசிர் பிரிவு அலுவலராக இருந்த காலத்தில் மேடம் அவளுக்கு எத்தனையோ முறை 'பேசவும்' எழுதியிருக்கிறார். மற்ற அதிகாரிகள் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிடுவார்கள். மேடம் எழுந்து வந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு பெனா" என்பார். அப்படிக் கூப்பிட்ட ஒரு நாள் தாழங்குடி ஏரிக் கோப்புக்காக. அதுவும் இதே கதைதான். கசிகிற கரை, கரையடியில் ஜனம், மழைக்கு முந்தைய மாதம்.

"நீ எழுதினது சரிதான். ஆனா இப்படியே மேல போனா அமைச்சர் முகத்துல விட்டெறிவார். நானே நேர்ல பேசறேன், வா" என்று மேடம் அவளையும் கூட்டிக்கொண்டு அமைச்சர் அறைக்குப் போனார். வாசலில் நிறுத்தி, "உள்ள நேரமாகும். கேன்டீன்ல ரெண்டு காபி சொல்லி வை, வந்து குடிக்கலாம்" என்றார்.

கேன்டீன் அதே நடையின் கோடியில் இருந்தது. பெனாசிர் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றாள். காபி வருவதற்குள் மேடமே வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்ததும், கையிலிருந்த கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததும்தான் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம். "சொல்லிப் பாத்துட்டேன் பெனா. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். மனுஷன் கேக்கற மாதிரி இல்ல" என்று அவள் தோளைத் தொட்டார். மறுநாள் மேடத்தின் கையெழுத்தோடு குறிப்பு வந்தது. "பேசியபடி, தற்போதைய நிலையே தொடரலாம்."

அந்த ஐப்பசியில் தாழங்குடிக் கரை உடைந்தது. தெற்குத் தெரு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. விசாரணை ஆணையத்தில் அப்போதைய அமைச்சர் கோப்பைத் தூக்கிக் காட்டினார். "அதிகாரி பரிந்துரை பண்ணாங்க, நான் கையெழுத்துப் போட்டேன்." மேடம் வாயே திறக்கவில்லை. 'கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆணையம் கடையைக் கட்டியது. மேடம் ஓய்வு பெற்றார், யாரையும் பார்க்காமல் இருந்தார், போய்ச் சேர்ந்தார்.

அன்று முதல் பெனாசிர் கேட்பவரிடமெல்லாம் சொல்லி வந்தாள். "மேடம் உள்ள போய் சண்டை போட்டாங்க. நான் வாசல்லயே நின்னேன், எனக்குத் தெரியும்." இந்த உத்தியோகத்தில் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். சாத்திய கதவுக்குப் பின்னாலாவது ஒருத்தி உண்மையைப் பேசினாள் என்பது. அந்த மேடத்தின் கையெழுத்தைப் போட்டு ஒரு இயந்திரம் 'தற்போதைய நிலையே தொடரலாம்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

இப்போது அதே கை 'பேசவும்' என்கிறது. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் பெனாசிர் படியேறிப் பித்ரு லோகத்துக்குப் போனாள்.

அங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கமலக்கண்ணன் மட்டும் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற ரகம்.

"சார், இதப் பாருங்க. மேடம் பேசவும்னு எழுதியிருக்காங்க."

"உங்களுக்கும் வந்துடுச்சா?" என்று சிரித்தார். "இந்த வாரம் நாலஞ்சு துறையில வந்திருக்கு. கோளாறு இல்ல மேடம். இவ்வளவு நாளா 'பேசவும்', 'பார்த்தேன்', 'கோப்பில் வைக்கவும்' இதெல்லாம் வெறும் சக்கைன்னு வடிகட்டிட்டுத்தான் உள்ள அனுப்பினோம். போன மாசம் வடிகட்டியை எடுத்துட்டாங்க."

"எடுத்ததும்?"

"எடுத்ததும் அது ஒண்ணைக் கவனிச்சுடுச்சு. பேசவும்னு எங்கெல்லாம் வருதோ, அதுக்கு முன்னாடி இருக்கற குறிப்பும் பின்னாடி இருக்கற குறிப்பும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. ஊரைக் காலி பண்ணணும்னு ஒரு பக்கம். வேண்டாம்னு அடுத்த பக்கம். நடுவுல என்னமோ நடந்திருக்கு. என்னன்னு அதுக்குத் தெரியாது. அங்க ஒரு ஓட்டை. உங்க கோப்பு அந்த ஓட்டை வர்ற இடத்துக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப மேடம் நெஜமா என்ன நெனச்சாங்கங்கறது..."

"கோப்புல இல்லாதது இதுகிட்ட இல்ல." கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவங்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துட்டோம்னு பெருமையடிச்சுக்கறோம். நாம கொண்டுவந்தது அவங்க சரின்னு சொன்னதை மட்டும்தான் மேடம். வேண்டாம்னு அவங்க சொன்னதெல்லாம் ரூமுக்குள்ளயே போயிடுச்சு. அமைச்சருங்களுக்கு இது ஏன் இவ்வளவு புடிச்சிருக்குன்னு நெனைக்கிறீங்க?"

பெனாசிர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. திரையில் மேடத்தின் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் சொன்னாள். "மேடம், பேச வந்திருக்கேன்."

கோடு மின்னியது, மறைந்தது. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரோ பக்கத்தில் இருப்பதால் நிறுத்திக்கொண்டதைப் போல அவளுக்குப் பட்டது. அந்த நினைப்பே பயமாக இருந்தது.

"அதுக்கு எழுதத்தான் தெரியும், பேச வராது" என்றார் கமலக்கண்ணன். பிறகு விளையாட்டாக, "நீங்களும் பாத்து எழுதுங்க. இப்ப நீங்க எழுதற குறிப்பெல்லாமும் உள்ள போயிட்டேதான் இருக்கு. நாளைக்கு உங்களுக்கும் இங்க ஒரு எடம் போட்டுடுவாங்க. நீங்க இல்லாதப்ப உங்க கையெழுத்துல என்ன வரும்கறது இப்பவே முடிவாயிட்டிருக்கு" என்றார். அதுவரை அவள் எழுதிய 'பேசியபடி'கள் வரிசையாக மனசில் வந்து நின்றன.

செத்தவரோடு பேச முடியாது என்பதால் இருப்பவரோடு பேச வேண்டியதாயிற்று. மறுநாளே அமைச்சர் கோதண்டபாணியிடமிருந்து அழைப்பு வந்தது. அவரை வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. மென்மையான மனிதர், யார் வந்தாலும் உட்காரச் சொல்லி பிஸ்கட் தட்டை நகர்த்தி வைப்பார், யாரையும் 'டா' போட்டுப் பேசியது கிடையாது.

"வாங்கம்மா. என்ன, நம்ம பழைய அம்மா பேசவும்னு போட்டுட்டாங்களாமே. வேற வழியில்ல, நாமளே பேசி முடிச்சுக்குவோம்."

"கரை தாங்காது சார். தாழங்குடி மாதிரி ஆயிடும்."

"நான் வேணாம்னு சொல்லல. இப்ப வேணாங்கறேன். கல்மேட்டுல அடிக்கல் நாட்டறதுக்குத் தேதி குடுத்தாச்சு. அங்க மூணு ஊர் ஜனத்தைக் கொண்டுபோய்க் குடி வெச்சா, அப்பறம் அவங்களை யாரு எழுப்பறது? எல்லாம் ஓட்டுப் போடற ஜனம்."

"மழை நம்ம தேதியப் பாத்து வராதே சார்."

"நல்லாப் பேசறீங்க." அமைச்சர் சிரித்தார். "உடையும் உடையும்னு எழுதிட்டு, உடையலன்னா? துறையையே பாத்து சிரிப்பாங்க."

"உடைஞ்சா?"

கோதண்டபாணி கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "உடைஞ்சா நிவாரணம் குடுப்போம். நம்மளால வேற என்னம்மா முடியும்? நீங்க போய், பேசியபடின்னு போட்டு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. நீங்க எழுதறீங்க, நான் கையெழுத்துப் போடறேன். அவ்வளவுதானே நம்ம வேலை."

"சரிங்க சார்" என்றாள் பெனாசிர்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருஷத்துப் பழக்கம். நடையில் வரும்போதுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. மேடம் இதே மாதிரி ஒரு அறைக்குள் போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

இருக்கைக்கு வந்து கோப்பைத் திறந்தாள். 'பேசியபடி' என்று அடித்தாள். பச்சைக் கோடு அவளுடைய அடுத்த சொல்லுக்காக மின்னிக்கொண்டிருந்தது. இதுவும் உள்ளே போகும். அவள் செத்த பிறகு, வேறு ஏதோ ஒரு ஏரிக்கு, வேறு ஏதோ ஒரு பெண் விடாமல் கோப்பு அனுப்ப, அவள் கையெழுத்தில் இதே இரண்டு வரி போய் நிற்கும்.

கடைசி இரண்டு எழுத்தை அழித்தாள். 'பேசியது வருமாறு' என்று திருத்தி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, அமைச்சர் சொன்னதையும் தான் சொன்னதையும் சொன்னபடியே எழுதினாள். கல்மேடு, அடிக்கல், ஓட்டு, நிவாரணம் ஒன்றையும் விடவில்லை. தன்னுடைய 'சரிங்க சார்' வரை எழுதி, அதற்கடியில், "மேற்கண்ட சம்மதம் பழக்கத்தால் சொல்லப்பட்டது. என் கருத்து மக்களை உடனே மாற்ற வேண்டும் என்பதே" என்று முடித்துக் கையெழுத்திட்டாள். செயலகம் தோன்றிய நாளிலிருந்து யாரும் அப்படி ஒரு குறிப்பு எழுதியதில்லை. அனுப்பிவிட்டாள்.

அமைச்சரின் உதவியாளர் போனில் கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். கோப்பில் ஏறிய குறிப்பை யாராலும் எடுக்க முடியாது. அதிகாரியின் யோசனையை அமைச்சர் தள்ளலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால் ஏன் தள்ளுகிறார் என்று அதற்கடியில் அவர் கைப்பட எழுத வேண்டும். அந்தக் குறிப்புக்கு அடியில் என்ன எழுதுவது? கோதண்டபாணி சில நாள் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு 'ஒப்புதல்' என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். பெனாசிரை எழுதுபொருள் அச்சுத் துறைக்கு மாற்றுகிற ஆணை அது.

மூன்று ஊர் மக்களும் அவளைத் திட்டிக்கொண்டேதான் கல்மேட்டுக்குப் போனார்கள். தகரக் கொட்டகை, தண்ணீருக்கு வரிசை, பள்ளிக்கூடம் தூரம். 'எவளோ ஒருத்தி ஆபீசில் உட்கார்ந்து எழுதினாளாம்' என்று ஒரு கிழவர் தொலைக்காட்சியில் மண்ணை வாரித் தூற்றினார். ஐப்பசி கடைசியில் ஒரு விடியற்காலையில் பெரியாண்டிக் கரை பிளந்துகொண்டது. தண்ணீர் மூன்று ஊருக்குள்ளும் புகுந்து கூரைக்கு மேல் நின்றது. ஒரு உயிர் போகவில்லை. அச்சுத் துறையில் உறைகளுக்கு விலைப்புள்ளி பார்த்துக்கொண்டிருந்த பெனாசிர் செய்தியைக் கேட்டதும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். 'நீங்க உள்ள சொன்னதைத்தான் மேடம் நான் வெளிய எழுதினேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று அவளுக்கு மேடம் பக்கத்திலேயே இருப்பது போல இருந்தது.

கார்த்திகையில் கமலக்கண்ணன் அவளைத் தேடிக்கொண்டு அச்சுத் துறைக்கே வந்தார். கண்ணாடி இந்த முறை மூக்கில்தான் இருந்தது.

"மேடம், உங்க குறிப்பைப் படிச்சுட்டு அது சும்மா இருக்க மாட்டேங்குது. 'பேசியது வருமாறு'ன்னு ஒரு குறிப்பு இருக்க முடியும்னு அதுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. பழைய கோப்பையெல்லாம் ஒவ்வொண்ணாத் திறந்து, பேசியபடின்னு இருக்கற இடத்துலெல்லாம் என்ன பேசியிருப்பாங்கன்னு எழுதி நிரப்பிட்டிருக்கு. செயலாளருங்க சண்டை போடறாங்க, கெஞ்சறாங்க, ஒருத்தர் அழுதிருக்கார். மேல எல்லாருக்கும் கிலி புடிச்சுப் போச்சு. இன்னிக்குச் சாயங்காலத்தோட நிறுத்தச் சொல்லி உத்தரவு."

"எல்லாம் நெஜமா சார்?"

"ஊகம் மேடம். அவங்கவங்க எழுதின தோரணைய வெச்சு அனுமானம் பண்ணுது. சரியா தப்பான்னு சொல்ல, உள்ள இருந்தவங்க யாரும் இல்லியே." கொஞ்சம் தயங்கினார். "தாழங்குடிக் கோப்பையும் நிரப்பியிருக்கு. உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு தோணுச்சு."

பெனாசிர் அவர் கையிலிருந்த திரையை ஆசையோடு வாங்கினாள். இத்தனை வருஷம் அவள் ஒருத்தியாகச் சுமந்ததைக் கடைசியில் கோப்பே சொல்லப் போகிறது. மேடத்தின் மேல் விழுந்த கறை போகப் போகிறது. பச்சை எழுத்தில் மொத்தமே மூன்று வரி இருந்தது.

"பேசியது வருமாறு:

அமைச்சர்: இது இப்ப அவசியமாம்மா?

செயலாளர்: சரிங்க சார்."

அவ்வளவுதான். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கீழே மேடத்தின் கையெழுத்தைத் தவிர, பேசியது என்று வேறு எதுவும் இல்லை.

"பொய்" என்றாள். குரல் உயர்ந்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பச்சைப் பொய். மேடம் சண்டை போட்டாங்க. நான் வாசல்ல நின்னேன் சார். வெளிய வந்து என் தோளைத் தொட்டு, எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்னாங்க."

"இருக்கலாம் மேடம். நான்தான் சொன்னேனே, ஊகம்னு. உள்ள எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு அதுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

பெனாசிருக்குத் தெரியும். நடைக் கோடிக்குப் போய் இரண்டு காபி சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்து நின்றாள். காபி வரவில்லை. மேடம் வந்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்க்க அந்த நேரம் போதுமா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு கேள்வி கேட்கவும், அதற்கு இரண்டு வார்த்தை பதில் சொல்லவும் அந்த நேரம் தாராளமாகப் போதும். வாய் தானாகச் சொல்லிவிடுகிற அந்த இரண்டு வார்த்தையை அவளும்தான் சொன்னாள். அப்போது மேடத்தின் முகம் ஏன் அப்படி வெளுத்திருந்தது என்பது இப்போது அவளுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. புரியக் கூடாது என்றும் இருந்தது.

விசாரணை ஆணையத்தில் மேடம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் கூடவே வந்து நின்றது. நடக்காத ஒரு சண்டையை நம்பித்தான் பெனாசிர் பெரியாண்டிக் குறிப்பை எழுதினாள். அந்த நம்பிக்கையால்தான் மூன்று ஊர் ஜனம் இன்று கல்மேட்டில் உயிரோடு நின்று அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவேளை மேடம் உள்ளே சண்டையே போட்டிருக்கலாம். காபிக்காரர்கள் அன்றைக்கு ரொம்பத் தாமதமாகவும் வந்திருக்கலாம். அந்த அமைச்சரும் இப்போது இல்லை; எது என்று சொல்ல வேண்டியவர் மேடம் ஒருத்தர்தான்.

"இதுக்குக் கீழ ஒரு கட்டம் இருக்கு மேடம்" என்றார் கமலக்கண்ணன், மெதுவாக. "இந்தப் பதிவை உறுதி செய்யவோ மறுக்கவோ அப்ப கூட இருந்தவங்க யாராவது இருந்தா எழுதலாம்னு கேக்குது. அந்தக் கோப்புல நீங்கதான் பிரிவு அலுவலர். உங்க ஒருத்தருக்குத்தான் உரிமை இருக்கு. நீங்க மறுத்து எழுதினா உங்க மேடம் பேரு நல்லபடியா நிக்கும். சாயங்காலத்துக்குள்ள எழுதினாதான்."

மறுக்க அவள் விரல் போனது. பாதியில் நின்றது. உறுதி செய்யவும் கை வரவில்லை. நடையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். பிறகு, கீழிருப்பவள் மேலிருப்பவருக்கு ஒருபோதும் எழுதக் கூடாத அந்த ஒற்றைச் சொல்லை மேடத்தின் கையெழுத்துக்கு அடியில் எழுதினாள்.

"பேசவும்."

கையெழுத்துப் போட்டாள். எழுந்து போய், எதிரே இருந்த நாற்காலியை இழுத்துச் சரியாகப் போட்டாள். கமலக்கண்ணன் தன்னை உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டார். பெனாசிர் கேன்டீனுக்குப் போன் போட்டு இரண்டு காபி சொன்னாள்.

வர நேரமாகும் என்றார்கள்.

"ஆகட்டும்" என்றாள்.